குரு கிரந்த மொழியைக் கற்ற அயலவர் இருவர்

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப் 1,430 பக்கங்கள் கொண்டது. குருமுகி எழுத்தில் இருப்பதால் முழுவதும் பஞ்சாபி என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. பழைய பஞ்சாபியோடு பிரஜ் மொழியும் பாரசீகச் சொற்களும் கலந்துள்ளன. மராட்டிய நாமதேவரின் பாடல்களும் உண்டு. இலக்கணமும் வேறு. ‘குரு’ என்பது எழுவாய். ‘குர்’ என்றால் குருவின். ‘குரி’ என்றால் குருவால். சொல்லிறுதியில் வரும் உகரமும் இகரமுமே வேற்றுமை உருபுகள். எழுத்தில் இருக்கும் இவை ஓதும்போது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஐ, ஆல், கு பழகிய தமிழ் மாணவருக்கு இது எளிதில் பிடிபடும்.

ஜெர்மானியரான எர்னஸ்ட் டிரம்ப் சிந்தி இலக்கணம் எழுதிய மொழியறிஞர். ஆங்கிலேய அரசுக்காக நூலின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து 1877-இல் வெளியிட்டார். கிரந்திகளுக்கே பொருள் தெரியாது என்று முடிவுகட்டித் தம் மொழியியல் அறிவையே நம்பினார். முன்னுரையில் நூலை ஆழமற்றது என இகழ்ந்தும் எழுதினார். சீக்கியர் மனம் புண்பட்டது. அத்தனை புலமை இருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு அவரிடம் இல்லை.

அயர்லாந்தில் பிறந்த மெக்காலிஃப் பஞ்சாபில் ஆட்சிப்பணி அதிகாரி. இதற்காகவே 1893-இல் பதவியைத் துறந்தார். கியானிகளிடம் பாடம் கேட்டார். கான் சிங் நாபா துணைநின்றார். மொழிபெயர்த்த பகுதிகளை அறிஞர்களிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சுக்குத் தந்தார். அந்நூல் 1909-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.