தானுந்து எச்சரிக்கை விளக்குகள்

தானுந்து எச்சரிக்கை விளக்குகள் என்பன, ஒரு தானுந்தின் உறுப்பு ஏதேனும் இயல்புக்கு மாறாக இயங்குவதை ஓட்டுநருக்கு உணர்த்தும் பொருட்டு, டாஷ்போர்டு என வழங்கும் முகப்புப் பலகையில் ஒளிரும் குறியீடுகள் ஆகும். இக்குறியீடுகளின் வடிவங்களை ஐ.எசு.ஓ 2575 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வரையறுக்கின்றது. பொதுவாகச் சிவப்பு நிறம் உடனடி இடரையும், மஞ்சள் நிறம் விரைவில் கவனிக்க வேண்டிய பழுதையும் குறிக்கும். பச்சையும் நீலமும் எச்சரிக்கைகள் அல்ல; ஒரு கருவி இயக்கத்தில் உள்ளது என்பதையே அவை காட்டுகின்றன.

வரலாறு

தொடக்க காலத் தானுந்துகளில் முள் கொண்ட அளவிகளே இருந்தன. 1930களில் அமெரிக்காவின் அட்சன் நிறுவனம் எண்ணெய் அழுத்தத்திற்கும் மின்னேற்றத்திற்கும் அளவிகளுக்கு மாற்றாக விளக்குகளைப் பொருத்தியது. முள் சிறிது சிறிதாக இறங்குவதைக் கண்டு முன்கூட்டியே விழித்துக்கொள்ள முடியும். விளக்கோ எல்லை கடக்கும்வரை வாளாவிருக்கும். இதனால் அளவி விரும்பிகள் இதனை 'மடையர் விளக்கு' என்று எள்ளினர். எனினும் அளவியை நோக்கும் பழக்கமற்ற பெரும்பாலோருக்கு விளக்கே பயன் மிக்கது எனலாம்.

எண்ணெய் அழுத்த விளக்கு

எண்ணெய்க் குடுவை வடிவில் சிவப்பாக ஒளிரும் இவ்விளக்கே மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. இது எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. பொறியில் பொருத்தப்பட்ட எளிய நிலைமாற்றி ஒன்று, அழுத்தம் மிகவும் குறைந்தவுடன் மின்சுற்றை மூடி விளக்கை ஏற்றுகின்றது. பொறியின் வணரித்தண்டு தன் தாங்கிகளைத் தொடாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே சுழல்கின்றது. அழுத்தம் இழந்தால் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும்; மிகக் குறுகிய நேரத்தில் பொறி முழுவதும் வீணாகலாம். 'அடுத்த பணிமனை வரை ஓட்டிச் செல்வோம்' என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது. பாதுகாப்பாக ஓரங்கட்டிப் பொறியை அணைத்தல் வேண்டும். சில மணித்துளிகள் கழித்து, சமதளத்தில் அளவுக்கோலை உருவிப் பார்க்கலாம். எண்ணெய் போதுமான அளவு இருந்தும் விளக்கு அணையாவிடில், எண்ணெய் ஏற்றி பழுதாகியிருக்கலாம். நிலைமாற்றியே கெட்டிருக்கவும் கூடும். அழுத்தமானி கொண்டு அளக்காமல் இவற்றைப் பிரித்தறிய இயலாது என்பதால், வண்டியை இழுத்துச் செல்வதே முறை.

பொறிச் சோதனை விளக்கு

மஞ்சள் நிறத்தில் பொறி வடிவில் ஒளிரும் இவ்விளக்கு, புகை மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் விளைவாக வந்தது. கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு முதல் இதனைக் கோரத் தொடங்கியது. ஓபிடி-2 என்னும் சீர்தரம், 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாத் தானுந்துகளுக்கும் கட்டாயமாயிற்று.

கணினி ஒரு பழுதை ஒருமுறை கண்டவுடனே பெரும்பாலும் விளக்கை ஏற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தென்பட்டால்தான் ஏற்றும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது இல்லையெனில் தானே அணைக்கும். பழுதின் குறியெண் நினைவகத்தில் பதிவாகும். பி0420 என்பது வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துள்ளதாகப் பொருள்படும். ஆனால் குறியெண் நோய்க்குறியைச் சொல்வதேயன்றி, மாற்ற வேண்டிய உறுப்பைச் சொல்வதன்று. கசியும் புகைக்குழாயும் பழுதான ஆக்சிசன் உணரியும் கூட இதே எண்ணைத் தரக்கூடும். எண்ணைப் படித்தவுடனே விலைமிக்க மாற்றியை வாங்குவது வீண்செலவாக முடியலாம்.

விளக்கு நிலையாக ஒளிர்ந்தால் வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்று சோதிக்கலாம். விட்டுவிட்டு ஒளிர்ந்தால், உருளையில் எரிபொருள் தீப்பற்றாமல் வெளியேறுகின்றது என்று பொருள். அந்த எரிபொருள் மாற்றியினுள் எரிந்து அதனை உருக்கிவிடும் என்பதால் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும்.

பிற விளக்குகள்

மின்கல விளக்கு, மின்கலம் கெட்டதைவிட மின்னேற்றம் நின்றதையே பெரும்பாலும் காட்டுகின்றது. சில வண்டிகளில் மின்னாக்கியையும் நீரேற்றியையும் ஒரே வார்ப்பட்டை சுழற்றுவதால், பட்டை அறுந்தால் பொறி சூடேறும். வெப்ப விளக்கு ஒளிர்ந்தால், சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் உள்ள நீர் பீறிட்டு உடலை வேகச் செய்யும். தடுப்பு விளக்கு ஒளிர்ந்தால் முதலில் கைத்தடுப்பு விடுவிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும்.

விளக்குச் சோதனை

பொறியைக் கிளப்பும் முன் சாவியைத் திருப்பினால் முதன்மையான எச்சரிக்கை விளக்குகள் ஒளிர வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கட்டாயம் கவனித்தல் நன்று. அப்போது காற்றுப்பை விளக்கு ஒளிரவே இல்லையெனில், பழுதை மறைப்பதற்காக அது துண்டிக்கப்பட்டிருக்கலாம். குறியெண்களை அழித்துவிட்டு விற்போரும் உளர். ஆயினும் அழித்தபின் கணினியின் உட்சோதனைகள் முற்றுப்பெறாத நிலையில் இருப்பதை ஒரு எளிய படிப்பான் காட்டிக்கொடுத்துவிடும்.