நிரை நிரல் மாற்று: சுழிகுளம் முதல் ஷெல் ஸ்கிரிப்ட் வரை

நிரை நிரல் மாற்று என்பது, கட்டங்களாக அமைந்த தரவில் கிடைவரிசையில் உள்ளதைச் செங்குத்து வரிசைக்கும், செங்குத்து வரிசையில் உள்ளதைக் கிடைவரிசைக்கும் இடம் மாற்றும் செயல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கிடைவரிசையை நிரை என்றும், செங்குத்து வரிசையை நிரல் என்றும் குறிக்கின்றன. கணினித் தமிழில் 'நிரல்' புரோகிராமையும் குறிப்பதால் மாணவர்களுக்குக் குழப்பம் வருவதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல் செங்குத்து வரிசையை மட்டுமே குறிக்கிறது.

எண்களுக்கு இதைச் செய்வதில் சிக்கல் இல்லை. ஒரு கட்டத்தில் ஓர் எண் இருக்கும். அது இடம் மாறும். உரைக்கு இதைச் செய்யும்போது, ஒரு கட்டத்தில் இருப்பது எது என்ற கேள்வி முதலில் எழுகிறது. அது சொல்லா, எழுத்தா, எழுத்தின் ஒரு துண்டா? தமிழ்ப் புலவர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை வைத்திருந்தனர். கணினிக் கருவிகள் வேறொரு விடையுடன் வந்தன.

சித்திரகவியில் நிரையும் நிரலும்

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவி வகைகளில் சுழிகுளம், சருப்பதோபத்திரம் ஆகிய இரண்டும் நிரை நிரல் மாற்றையே அடிப்படையாகக் கொண்டவை. சுழிகுளம் அடிக்கு எட்டு எழுத்தாக நான்கு அடிகள் கொண்டது. அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் 32 கட்டங்கள் கிடைக்கும். முதல் நிரலை மேலிருந்து கீழே படித்தால் முதல் அடியின் முற்பாதி வரும். கடைசி நிரலைக் கீழிருந்து மேலே படித்தால் அதே அடியின் பிற்பாதி வரும். மற்ற அடிகளும் இவ்வாறே. இன்றைய கணித மொழியில் சொன்னால், இடப்பக்கம் உள்ள நான்குக்கு நான்கு கட்டம் ஒரு சமச்சீர் அணி. வலப்பக்கக் கட்டம் எதிர் மூலைவிட்டத்தைப் பொறுத்துச் சமச்சீரானது. ஆகவே 32 எழுத்துகளில் 20 எழுத்துகளையே புலவர் தம் விருப்பப்படி வைக்க முடியும். மீதி 12 தாமே வந்து அமையும்.

சருப்பதோபத்திரம் இன்னும் இறுக்கமானது. இங்கும் அடிக்கு எட்டு எழுத்தாக நான்கு அடிகள்தாம். ஆனால் ஒவ்வோர் அடியும் மாலைமாற்றாக இருக்க வேண்டும். நான்கு அடிகளையும் திருப்பி எழுதி 64 கட்டங்களை நிரப்பினால் எத்திசையிலிருந்து படித்தாலும் அதே செய்யுள் வர வேண்டும். புலவர் கையில் இருப்பவை பத்து இடங்கள் மட்டுமே. தண்டியலங்கார உரை காட்டும் எடுத்துக்காட்டு மா, வா, நீ, தா, யா, மே, ரா என்னும் ஏழு எழுத்துகளைக் கொண்டே 64 கட்டங்களையும் நிரப்பிவிடுகிறது. பொருள் சற்று வலிந்துதான் வருகிறது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் பொருள் வருவதே பெரிது. வடமொழியில் பாரவியின் கிராதார்ஜுனீயத்திலும் மாகரின் சிசுபாலவதத்திலும் இவ்வகை உண்டு. இலத்தீனில், கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரச் சுவரில் கிடைத்த ஐந்துக்கு ஐந்து சொற்சதுரமும் நிரை நிரல் மாறினாலும் மாறாதது.

தமிழ்க் கட்டங்களில் கவனிக்க வேண்டியது, கட்டத்தின் அலகு எழுத்து என்பதே. 'மா' ஒரு கட்டம், 'மே' ஒரு கட்டம். சுழிகுளத்தில் 'ல்', 'ர்' போன்ற புள்ளி எழுத்துகளும் தனித்தனிக் கட்டம் பெறுகின்றன. கால் என்றும் கொம்பு என்றும் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை எந்தப் புலவரும் தனிக் கட்டமாக எண்ணியதில்லை.

மதுரையும் அச்சும்

சித்திரகவியை அச்சுக்காலத்துக்குக் கொண்டுவந்ததில் மதுரைக்குப் பங்குண்டு. மதுரைக்கு அருகே விளாச்சேரியில் 1870இல் பிறந்த பரிதிமாற்கலைஞர் (வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார்) 'சித்திரகவி விளக்கம்' எழுதினார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம், சித்திரகவிகளை விரித்துரைக்கும் மாறனலங்காரத்தைப் பதிப்பித்தது. நம்மாழ்வாரைத் தலைவராகக் கொண்ட அந்த அணிநூலை இயற்றியவர் திருக்குருகைப் பெருமாள் கவிராயர்.

ஓலைச்சுவடியில் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. எகர ஏகாரக் குறிகளும் ஒன்றே. 'மா' என்பதும் 'மர' என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தெரியும். சாதாரணச் செய்யுளில் பதிப்பாசிரியர் யாப்பையும் பொருளையும் கொண்டு ஊகிக்க வேண்டும். சுழிகுளத்திலோ சருப்பதோபத்திரத்திலோ இன்னொரு சான்றும் உண்டு. ஒரு கட்டத்தைத் தவறாகப் படித்தால், அதன் இணைக் கட்டத்தோடு அது ஒத்துப்போகாது. விளையாட்டு என்று பலர் ஒதுக்கிய இவ்வடிவத்துக்கு இப்படி ஒரு பயனும் இருந்தது.

யுனிக்ஸ் கருவிகள்

உரைத்தரவைக் கட்டளைகளால் கையாளும் பழக்கம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளத்தோடு பரவியது. அங்கே ஒரு வரி ஒரு நிரை. வரிக்குள் இடைவெளியோ தாவல் குறியோ பிரிக்கும் ஒவ்வொரு புலமும் ஒரு கட்டம். 'கட்' குறிப்பிட்ட நிரலை வெட்டித் தரும். 'பேஸ்ட்' கோப்புகளைப் பக்கம் பக்கமாக ஒட்டும். இவற்றை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் சுற்றவிட்டு, ஒவ்வொரு நிரலையும் வெட்டி ஒரே வரியாக ஒட்டினால் நிரை நிரல் மாற்று முடிந்தது. ஆனால் நிரலுக்கு ஒருமுறை கோப்பு முழுவதையும் படிக்க வேண்டியிருப்பதால், நிரல்கள் மிகுந்தால் இது மெதுவாகும்.

1977இல் அஹோ, வைன்பர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கி, அவர்களின் பெயர் முதலெழுத்துகளைக் கொண்ட 'ஆக்' மொழி இதை எளிதாக்கியது. கோப்பை ஒரே முறை படித்து, ஒவ்வொரு புலத்தையும் வரி எண், புல எண் ஆகிய இரண்டையும் முகவரியாகக் கொண்டு நினைவகத்தில் வைக்க வேண்டும். கோப்பு முடிந்தபின் புல எண்ணை வெளிச்சுற்றாகவும் வரி எண்ணை உள்சுற்றாகவும் வைத்து அச்சிட வேண்டும். சில வரிகளிலேயே வேலை முடிந்துவிடும். கோப்பு முழுவதும் நினைவகத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்கான விலை. பெர்க்லி யுனிக்ஸில் 'ஆர்எஸ்' என்ற கட்டளையும், பிற்காலத்தில் க்னூவின் 'டேட்டாமேஷ்' கருவியும் இதே வேலையை ஒரே கட்டளையில் செய்தன.

தமிழ்ச் சொற்கள் நிறைந்த அட்டவணையை இவற்றில் எதைக்கொண்டும் மாற்றலாம். பிரிப்பது இடைவெளி அல்லது தாவல் என்பதால் சொல் உடையாது. கட்டத்தின் அலகு எழுத்தாகும்போதுதான் இடர் வருகிறது. இக்கருவிகள் பிறந்த காலத்தில் ஓர் எழுத்து என்றால் ஒரு பைட்டு.

எழுத்து உடைந்த இடம்

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்ச்சுனனும் தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் தன்னார்வ முயற்சியைத் தொடங்கினர். சங்கம் இருந்த ஊரின் பெயரால் அது மதுரைத் திட்டம் எனப்பட்டது. அதன் மின்னுரைகள் திஸ்கி குறியேற்றத்தில் வெளியாகி, பின்னர் ஒருங்குறிக்கு மாறின. இந்த மாற்றம் வெறும் எண் மாற்றம் அல்ல. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பது: 'மே' என்றால் முதலில் கொம்பு, பிறகு மகரம். ஒருங்குறி ஒலி வரிசையில் சேமிப்பது: முதலில் மகரம், பிறகு ஏகாரக் குறி. ஆகவே மாற்றும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கொம்பையும் அடுத்த எழுத்துக்குப் பின்னே தள்ள வேண்டும்.

இவ்விரண்டு குறியேற்றங்களிலும் 'மா' ஒரே அலகு அல்ல. ஒருங்குறியில் அது இரண்டு குறியெண்கள்; யுடிஎஃப்-8 வடிவில் ஆறு பைட்டுகள். புள்ளி எழுத்தும் இரண்டு குறியெண்கள்தாம். இலக்கணத்தில் 'க்' மூலமும் 'க' அதன் மேல் அகரம் ஏறியதுமாக இருக்க, ஒருங்குறியில் 'க' மூலம். 'க்' அதன்மேல் புள்ளி ஏறியது. சருப்பதோபத்திர எடுத்துக்காட்டை இப்படிக் குறியெண் குறியெண்ணாக வெட்டினால், எட்டு நிரல்கள் பதினாறாகப் பெருகும். மாற்றிய பின் ஒரு வரியில் மெய்கள் மட்டும், அடுத்த வரியில் ஒட்ட எழுத்தில்லாத கால்களும் கொம்புகளும் கிடக்கும். 'ரெவ்' கட்டளையால் மாலைமாற்றைத் திருப்பிச் சோதித்தாலும் இதே கதைதான்: வரி ஒரு காலில் தொடங்கும், சரியான மாலைமாற்றும் தவறு எனக் காட்டப்படும்.

247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் பின்னால் இதுபோன்ற இடர்களும் இருந்தன. அவ்வாறு அமைந்த டேஸ்-16 குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. அதில் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது இயல்பாகவே அமையும். ஆயினும் இணையம் முழுவதும் ஒருங்குறியிலேயே நிலைத்துவிட்டதால் டேஸ்-16 அச்சுத்துறை போன்ற சில இடங்களைத் தாண்டவில்லை.

நடைமுறைத் தீர்வு கருவிகளின் பக்கமிருந்து வந்தது. பயனர் ஓர் எழுத்தாகக் காணும் குறியெண் தொகுதியை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒருங்குறியே விதி வகுத்துள்ளது. பெர்ல் மொழியும், பெர்ல் வகைத் தேடலை ஏற்கும் 'கிரெப்' கட்டளையும் அவ்விதிப்படி வெட்டும் வசதியைத் தருகின்றன. முதலில் அதனால் வரியை எழுத்து எழுத்தாகப் பிரித்து, இடையே இடைவெளி இட்டுவிட வேண்டும். அதன்பின் 'ஆக்' ஸ்கிரிப்ட் எந்தத் திருத்தமும் இன்றி வேலை செய்யும். சுழிகுளத்தின் இடப்பாதியை இப்படி மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டால் இரு கோப்புகளும் ஒன்றாகவே இருக்கும். வலப்பாதிக்கு, மாற்றிய பின் வரிகளின் வரிசையையும் ஒவ்வொரு வரிக்குள் எழுத்துகளின் வரிசையையும் திருப்ப வேண்டும்.

கிரந்தம் கலந்த உரையில் மட்டும் ஒரு மிச்சம் உண்டு. 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவை இவ்விதிப்படியும் இரண்டிரண்டு கட்டங்களாகவே பிரிகின்றன. அவற்றை ஒன்றாக வைக்க வேண்டுமானால், வெட்டுவதற்கு முன்பே ஸ்கிரிப்டில் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.