குடியிருப்புகளில் செயற்கை நறுமணம்: ஒவ்வாதோர் அறிய வேண்டியவை

மின்தூக்கியில் அறை நறுமணத் தெளிப்பான், படிக்கட்டில் மணமூட்டிய தரை துடைப்பான் திரவம், அடுத்த வீட்டில் அகர்பத்தி. பலருக்கு இதம் தரும் இவை ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, ஆட்டிசம் உடையோர் சிலருக்கு உபாதையாகின்றன. பெருந்துறை சிப்காட் பகுதியைச் சூழ்ந்த லைன் வீடுகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் சுவரும் நடைபாதையும் பொதுவானவை. ஆகவே ஒரு வீட்டின் மணம் அடுத்த வீட்டுக்கும் சென்றடைகிறது.

ஏன் பாதிக்கிறது?

நறுமணப் பொருள்கள் எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களின் கலவையாகும். எலுமிச்சை மணம் தரும் லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடை உருவாக்கும். இயற்கை எண்ணெயிலும் லிமோனீன் உள்ளதால், ‘இயற்கை மணம்’ என்ற குறிப்பு பாதுகாப்புக்கு உறுதியாகாது. அகர்பத்தியும் சாம்பிராணியும் நுண்துகள் புகையையும் சேர்க்கின்றன.

யாருக்கு, எவ்வாறு?

• ஆஸ்துமா: மூச்சுக்குழாய் சுருங்கி இருமல், மூச்சிரைப்பு.
• ஒற்றைத் தலைவலி: மணமே வலியைத் தூண்டலாம்.
• ஆட்டிசம்: குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு அறையைவிட்டு ஓடுவது பிடிவாதம் அன்று, மணத்தை மிகுதியாக உணர்வதன் விளைவாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

• எந்த மணம், எந்நேரம், என்ன அறிகுறி என்பதை இரண்டு வாரம் குறித்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.
• துர்நாற்றத்தை நறுமணத்தால் மறைக்காமல், அதற்குக் காரணமான ஈரம், குப்பை, வடிகால் அடைப்பு ஆகியவற்றை நீக்குங்கள்.
• மணம் வரும் பக்கத்து ஜன்னலை மூடி, மறுபக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
• குடியிருப்போர் சங்கத்திடமோ வீட்டு உரிமையாளரிடமோ மருத்துவரின் கடிதத்துடன் பேசுங்கள். பொதுவிடத்தில் மணமற்ற பொருளைப் பயன்படுத்துமாறும், நடைபாதையில் புகை போடுவதைத் தவிர்க்குமாறும் கேளுங்கள். ஆட்டிசம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற குறைபாடு என்பதையும் எடுத்துரைக்கலாம்.

அண்டை வீட்டாருக்கு: வழிபாட்டை நிறுத்த வேண்டியதில்லை. கதவை மூடி, வெளிப்புற ஜன்னலைத் திறந்து வைத்து அகர்பத்தி ஏற்றினாலே பாதிப்பு குறையும்.

எப்போது மருத்துவரை அணுகுவது?

மருத்துவர் அளித்த இன்ஹேலரை அறிகுறி இல்லாத நாளிலும் தாமாக நிறுத்தலாகாது. இன்ஹேலர் பயன்படுத்தியும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலோ, பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம். பெருந்துறை வட்டாரத்தினர் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.