தீவனத் தொட்டியில் வெந்தயம்: மறந்துபோன ஒரு வரலாறு

கொட்டாஞ்சேனைச் சொந்தங்களுக்கு, நேரம் கிடைக்கும்போது வாசிக்க ஒரு சிறு வரலாறு.

நம் வீடுகளில் வெந்தயம் இல்லாமல் மீன் ஆணம் இல்லை. ஆனால் இந்த விதை மனிதனின் சட்டிக்கு மட்டுமல்ல, மாட்டின் தொட்டிக்கும் உரியதாக இருந்தது. அதன் இலத்தீன் பெயர் 'ஃபீனம் கிரேக்கம்'. அதாவது, 'கிரேக்க நாட்டு உலர்புல்'. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரோமரான கேட்டோ எழுதிய விவசாய நூலில், மாடுகளுக்காக விதைக்கும் பயிர்களுள் வெந்தயமும் வருகிறது. வாசம் கெட்ட புல்லை மாடு ஒதுக்கும். வெந்தயம் கலந்தால் தின்னும்.

நம் பக்கத்துக்கு வருவோம். கொழும்புத் துறைமுகச் சரக்கை ஒரு காலத்தில் இழுத்தவை மாட்டுக் கரத்தைகள். 1906இல் கரத்தைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே தடுமாறியது. மாடு படுத்தால் அன்றைய பிழைப்பும் படுத்துவிடும். அதனால் மாட்டு வைத்தியம் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 'மாட்டு வாகடம்' என்று தமிழில் ஏட்டுச் சுவடிகள் உண்டு. மிளகும் சீரகமும் ஓமமும் பூண்டும்தான் அந்த வைத்தியத்தின் சரக்குகள்.

அது முற்றாக அழியவில்லை. கால்வாய் நோய் கண்ட மாட்டுக்கு இந்தியாவின் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இன்றும் ஒரு கைமருந்து சொல்கிறது. சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றில் தலா 10 கிராம் ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லத்தோடு அரைத்து, தேங்காய்த் துருவல் சேர்த்து வாயில் தடவ வேண்டும்.

இந்த விதைகளுக்குள் என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்கு ஓமவாட்டர் கொடுக்கிறோமே, அந்த ஓமத்தில் தைமோல் என்ற பொருள் உண்டு. பூஞ்சணத்தையும் கிருமியையும் அது அடக்கும். தீவனத்திலுள்ள கொழுப்புச் சிக்கடிப்பதையும் தாமதப்படுத்தும். முதலாம் உலகப் போருக்கு முன்பு தைமோல் எடுப்பதற்காகவே இந்திய ஓமம் ஜேர்மனிக்குக் கப்பலேறியது. ஹதீஸ் வழியாக நாம் அறிந்த கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் இருக்கிறது. கோழித் தீவனத்தில் அதைக் கலந்து பல நாடுகளில் ஆராய்கிறார்கள்.

ஆனாலும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெந்தயமும் வாசனை விதைகளும் கலந்த 'தோர்லி' மாட்டுத் தீவனத்துக்குப் பெரிய விளம்பரம். ஜோன் பென்னட் லோஸ் என்ற விவசாய ஆய்வாளர் அதைப் பரிசோதித்தார். விலைதான் பல மடங்கு, கொழுக்கும் மிருகத்துக்கு அதற்கேற்ற பலன் இல்லை என்று கண்டார்.

1950இல் அமெரிக்காவில் கதை மாறியது. தீவனத்தில் சிறிதளவு அன்டிபயோட்டிக் சேர்த்தால் மிருகங்கள் வேகமாக வளர்கின்றன என்று ஜூக்ஸ், ஸ்டொக்ஸ்டாட் இருவரும் அறிவித்தார்கள். விதைகள் ஓரங்கட்டப்பட்டன. அதற்கான விலை பிறகுதான் தெரிந்தது: மருந்துக்கு அடங்காத கிருமிகள். சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக் கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1இல் அந்தத் தடை வந்தது. இந்தத் தடைகளையொட்டி தைமோலும் வாசனை விதைகளும் கம்பனித் தீவனப் பைகளுக்குள் மறுபடி அதிகமாக நுழைந்தன.

இது கோழிப் பண்ணைக்காரரின் கவலை மட்டுமல்ல. காய்ச்சலில் கிடக்கும் நம் பிள்ளைக்கு மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. கோழி வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், ஹலாலா என்று கேட்கிறோம். அது என்ன தின்று வளர்ந்தது என்றும் கேட்டுப் பழகுவோம்.

வீட்டில் ஆடு, மாடு வளர்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். என்ன கொடுத்தீர்கள், எந்த அளவில், எதற்காக என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுக்க உதவும்.