புல்லட்டின் சேணம்

பிரெஞ்சில் குதிரையின் சேணத்துக்கும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கும் ஒரே சொல்தான்: 'செல்'. பள்ளியில் படித்தபோது வேடிக்கையாகத் தோன்றியது. ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. பள்ளத்தில் இறங்கினால், ஓட்டுகிறவர் முதுகைக் காப்பாற்றியது தோல் சீட்டும் அதன் அடியில் இருந்த சுருள் ஸ்பிரிங்குகளும்தான்.

1949-இல் இங்கிலாந்தில் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் பின்பக்கமும் ஷாக் அப்சார்பர் இருந்தது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. (நம் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது அதற்கு முந்தின ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி!) பிறகு இருவர் உட்காரும் நீள சீட் வழக்கமாயிற்று. குடும்பத்தோடு திருநள்ளாறு போய்வர அதுதானே தோது? பழைய ஸ்பிரிங் சீட்டை 2009-இல் 'கிளாசிக்' வண்டியில் கம்பெனியே திரும்பக் கொண்டுவந்தது.

இப்போது தூரப் பயணம் போகும் பிள்ளைகள் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு வேறு போடுகிறார்கள். கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். அது சற்று நேரத்தில் அமுங்கிவிடும். அப்புறம் உடம்புப் பாரமெல்லாம் இடுப்புக்கடி எலும்பு இரண்டில்தான். சீட் அகலமாக, கொஞ்சம் கெட்டியாக, முன்பக்கம் சரியாமல் இருக்க வேண்டும். கால் தரையில் ஊன்றவும் வேண்டும்.

கன்னியாகுமரிக்குக் கிளம்பும் என் பேரனிடம், "வண்டியில் மாட்டி அரைமணி நேரம் உட்கார்ந்து பாருடா, அப்புறம் காசு கொடு" என்றேன்.