நுழைவு அட்டையிலிருந்து சந்திப்புப் பட்டியல் வரை: ஐரோப்பிய ஒன்றியத்தில் லாபி ஒழுங்குமுறையின் வளர்ச்சி (1991–2025)

முன்னுரை

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சட்ட வரைவு உருவாகும் வேளையில் அதன் வாசகத்தைத் தமக்கு ஏற்ப மாற்ற முயல்வோர் பலர். தொழில்துறைச் சங்கங்கள், பெருநிறுவனங்கள், சட்ட ஆலோசகர்கள், தொழிற்சங்கங்கள், தொண்டு அமைப்புகள் என எல்லாத் தரப்பும் பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் வைத்திருக்கின்றன. லாபி எனப்படும் இந்தப் பணி அங்கே சட்டவிரோதமானதன்று. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின்படி, குடிமைச் சமூகத்துடனும் பிரதிநிதித்துவ அமைப்புகளுடனும் வெளிப்படையான உரையாடல் நடத்துவது ஒன்றியத்தின் கடமை. யார், யாருக்காக, எவ்வளவு செலவு செய்து, எந்த அதிகாரியைச் சந்திக்கிறார் என்பது குடிமக்களுக்குத் தெரிகிறதா என்பதே சிக்கல்.

இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் முயற்சியில், லாபியாளரைப் பதிவு செய்யவைப்பதில் தொடங்கிய ஒழுங்குமுறை, அவரைச் சந்திப்பவரைக் கணக்குக் காட்டவைப்பதை நோக்கி மெல்ல நகர்ந்திருக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடக்க முயற்சிகள்

1987இல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டம், பொதுச் சந்தை தொடர்பான பல முடிவுகளை ஒருமனதான ஒப்புதலிலிருந்து தகுதிப் பெரும்பான்மைக்கு மாற்றியது. அதற்கு முன், ஒரு நிறுவனம் தன் நாட்டு அரசைச் சரிக்கட்டினாலே வேண்டாத சட்டத்தைத் தடுத்துவிடலாம். அந்த வழி அடைபட்டதும் கூட்டம் பிரஸ்ஸல்ஸை நோக்கித் திரும்பியது. 1992இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அங்கே ஏறத்தாழ 3,000 நலக்குழுக்களும், இத்துறையில் 10,000 பேர் வரையும் இருந்தனர்.

முதல் முயற்சி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நடந்தது. 1991இல் பெல்ஜியம் நாட்டுச் சோசலிச உறுப்பினர் மார்க் கல்லே லாபியாளர்களுக்கான விதிகளை முன்மொழிந்தார். லாபியாளர் யார் என்பதிலேயே உடன்பாடு வரவில்லை, முன்மொழிவு முடங்கியது. ஆணையமோ, துறையினர் தமக்குத் தாமே நன்னடத்தை விதிகளை வகுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது.

1996இல் பிரிட்டனின் தொழிற்கட்சி உறுப்பினர் கிளின் ஃபோர்டு இம்முட்டுக்கட்டையைச் சாமர்த்தியமாகத் தாண்டினார். அவருடைய அறிக்கை லாபியாளரை வரையறுக்கவே இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் அடிக்கடி வர நுழைவு அட்டை வேண்டுமா? பெயரைப் பதிவு செய்யுங்கள், நன்னடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுங்கள் என்றது. உறுப்பினர்கள் தம் பொருளாதார நலன்களை அறிவிப்பது பற்றிய நோர்ட்மான் அறிக்கையும் அதே ஆண்டு ஏற்கப்பட்டது. வாயிற்கதவைக் கருவியாக்கிய இந்த உத்தி நிறைவேறியது. ஆனால் அட்டை கேட்காதவரை அது தொடவில்லை. உணவகத்திலோ தொலைபேசியிலோ காரியத்தை முடித்துக்கொள்பவர் கணக்கில் வரவில்லை.

தன்னார்வப் பதிவேடும் 2011 ஊழலும்

1999இல் முறைகேட்டுப் புகார்களால் சான்டெர் தலைமையிலான ஆணையம் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. அந்தச் சூழலின் தொடர்ச்சியாக, எஸ்தோனியாவைச் சேர்ந்த ஆணையர் சீம் கல்லாஸ் 2005இல் ஐரோப்பிய வெளிப்படைத்தன்மை முன்னெடுப்பைத் தொடங்கினார். 2008 ஜூனில் ஆணையத்தின் பதிவேடு திறக்கப்பட்டது. செலவு, வாடிக்கையாளர் விவரங்களையும் அது கேட்டது. எனினும் சேருவது அவரவர் விருப்பம் என்பதால் வாடிக்கையாளர் ரகசியத்தைக் காரணம் காட்டி வழக்கறிஞர் நிறுவனங்கள் பல ஒதுங்கி நின்றன.

2011 மார்ச்சில் இலண்டன் சண்டே டைம்ஸ் செய்தியாளர்கள் லாபியாளர்களாக நடித்து நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகினர். தாங்கள் கேட்கும் திருத்தங்களைச் சட்ட வரைவில் சேர்த்தால் ஆண்டுக்கு 1,00,000 யூரோ வரை தருவதாகச் சொன்னார்கள். வலையில் சிக்கியவர்களில் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸர், ஸ்லோவேனியாவின் ஸோரான் தாலெர், ருமேனியாவின் அட்ரியான் செவெரின் ஆகிய மூவரும் தத்தம் நாட்டில் அமைச்சராக இருந்தவர்கள். முதல் இருவர் பதவி விலகினர். செவெரின் விலக மறுத்தார். பின்னர் மூவரையும் தண்டித்தவை அவரவர் நாட்டு நீதிமன்றங்களே. ஐரோப்பிய விதிகளில் அதற்குரிய பல் இல்லை என்பது அப்போது அம்பலமானது.

2011 ஜூனில் நாடாளுமன்றமும் ஆணையமும் தம் பதிவேடுகளை ஒன்றாக்கின. 2012 ஜனவரியில் உறுப்பினர்களுக்கான நன்னடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன.

சந்திப்பவரின் பொறுப்பு

2014 நவம்பரில் யுங்கர் தலைமையிலான ஆணையம் எடுத்த முடிவு உண்மையான திருப்பம். ஆணையர்கள், அவர்களது அலுவலகக் குழுவினர், துறைத் தலைமை இயக்குநர்கள் ஆகியோர் தாம் நடத்தும் லாபிச் சந்திப்புகளை இணையத்தில் வெளியிட வேண்டும். பதிவு பெறாதவரைச் சந்திக்கக் கூடாது. வெளியாரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாத இடத்தில், தன் ஊழியரைக் கட்டுப்படுத்தி ஆணையம் அதே பயனை எட்டியது. 2019இல் நாடாளுமன்றமும் இதைப் பின்பற்றிச் சட்ட வரைவுக்குப் பொறுப்பான உறுப்பினர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் சந்திப்புகளை வெளியிடும் கடமையை விதித்தது.

2021 மே மாத ஒப்பந்தத்தில், அதுவரை விலகி நின்ற அமைச்சர்கள் மன்றமும் இணைந்தது. ஆயினும் உறுப்பு நாடுகளின் நிரந்தரப் பிரதிநிதிகள், தம் நாடு அம்மன்றத்தின் சுழற்சித் தலைமைப் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் அதற்கு முந்தைய ஆறு மாதங்களிலும் மட்டுமே, அதுவும் தாமாக முன்வந்து, இவ்விதிகளைப் பின்பற்றுவதாக அறிவித்தனர்.

2022 டிசம்பரில் பெல்ஜியக் காவல்துறை பிரஸ்ஸல்ஸில் நடத்திய சோதனைகளில் ஏறத்தாழ 15 லட்சம் யூரோ ரொக்கம் கைப்பற்றப்பட்டது. கத்தார் உள்ளிட்ட வெளிநாட்டு அரசுகளுக்காகச் செல்வாக்கு விலைபேசப்பட்டது என்பது புகார். நாடாளுமன்றத் துணைத் தலைவர் இவா கைலி கைதானார். அவர் குற்றச்சாட்டை மறுத்துவருகிறார். வெளிநாட்டு அரசுகளும் தூதரகங்களும் பதிவேட்டின் வரம்புக்குள்ளேயே இல்லை. முன்னாள் உறுப்பினர்கள் தடையின்றி வந்துபோக முடிந்தது. 2023இல் இவ்விரு ஓட்டைகளும் ஓரளவு அடைக்கப்பட்டன. எல்லா உறுப்பினர்களும் வெளிநாட்டுத் தூதர்களுடனான சந்திப்புகள் உட்பட வெளியிட வேண்டும். பதவி முடிந்து ஆறு மாதம் முன்னாள் உறுப்பினர் லாபி செய்யக் கூடாது.

எஞ்சியுள்ள இடைவெளி

ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பதிவு பெற்ற அமைப்புகள் 12,000க்கும் மேல் இருந்தும், திட்டமிடாத சந்திப்புகளும் தொலைபேசி உரையாடல்களும் வரம்புக்கு வெளியே இருப்பதைச் சுட்டியது. கீழ்நிலை அதிகாரிகளைச் சந்திக்கப் பதிவே தேவைப்படவில்லை. வரைவின் தொழில்நுட்ப வாசகம் எழுதப்படுவதோ பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

உறுப்பு நாடுகளின் நிலை வேறு. அயர்லாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு மூன்று முறை எவரிடம் எதைக் கேட்டோம் என்று லாபியாளரைக் கணக்குத் தர வைக்கிறது. ஜெர்மனியில் 1972 முதல் சங்கங்களின் பட்டியல் மட்டுமே இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறது. ஒன்றியத்தின் பதிவேடோ அமைப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் நிற்பது; கையெழுத்திட்டவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். 2024இல் நாடாளுமன்ற விசாரணைகளுக்கு வராத அமேசானின் பிரதிநிதிகளிடமிருந்து நுழைவு அட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. கைக்கெட்டிய தண்டனை அவ்வளவுதான்.

முடிவுரை

விதிகள் பெரும்பாலும் ஊழலுக்குப் பின்னாலேயே வந்துள்ளன. வெளிப்பட்ட ஓட்டையை மட்டும் அடைத்துள்ளன. அவற்றுள் வலுவாக நிலைத்தவை, பொறுப்பை அதிகாரத்தில் இருப்பவர்மேல் சுமத்தியவையே. 2025 தொடக்கத்தில் ஆணையம் தன் சந்திப்பு விதியை மேலாண்மைப் பொறுப்பிலுள்ள மற்ற அதிகாரிகளுக்கும் விரித்தது அத்திசையிலான அடுத்த படி. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் ஆண்டு முழுவதும் இதே கணக்கைக் காட்ட ஒப்புக்கொள்ளாத வரை, சட்டமியற்றும் மூன்று அமைப்புகளில் அமைச்சர்கள் மன்றத்தின் பக்கம் மட்டும் பெருமளவு மூடியே இருக்கும்.