கட்டத்துக்குள் ஒளிந்த படம்: ஒரு ஜப்பானிய விளையாட்டும் ஒரு ஸ்கேன் படமும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன ஆவணியில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வெளிக்காயம் பெரிதில்லை. ஆனால் இரண்டு நாளில் தலைவலி கூடி, நாகர்கோவிலில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கு உட்புறம் சிறு ரத்தக்கட்டு. அறுவை வேண்டாம், மருந்திலேயே கரைகிறதா பார்க்கலாம், ஓய்வில் இருக்கட்டும் என்றார் டாக்டர். ஓய்வு என்ற சொல்லை நாற்பது வருடமாகக் கேள்விப்படாத பெண்மணியை எப்படிக் கட்டிலில் இருத்துவது?

வழி கண்டுபிடித்தவன் பேரன். மகன் குடும்பம் ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்திருந்தது. டாக்டர் சொன்ன சில வாரங்கள் கழிந்ததும், அவன் கையில் வைத்து விளையாடும் நின்டெண்டோ ஸ்விட்சை அவளிடம் கொடுத்து, "பாட்டி, இதில சுடுறதோ ஓடுறதோ கிடையாது. கணக்கு மாதிரி" என்று பிக்ராஸ் என்ற விளையாட்டைத் திறந்து கொடுத்தான். தினம் அரைமணி நேரம்தான் என்று நான் கண்டிஷன் போட்டேன். கண்டிஷன் ஒரு வாரம் நின்றது.

இந்த இடத்தில் ஓர் ஒப்புதல். 1990-களில் வளைகுடாவிலிருந்து வரும் அப்பாமார் பிள்ளைகளுக்குக் கையடக்க வீடியோ கேம் வாங்கி வருவார்கள். செங்கல் மாதிரிக் கட்டைகள் மேலிருந்து விழும், அதை அடுக்க வேண்டும். அப்படி ஒன்றை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் பிடுங்கி என் மேஜை இழுப்பறையில் பூட்டினேன். பரீட்சை முடிந்துதான் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் பேட்டரி கசிந்து கெட்டுவிட்டது. அந்தத் தம்பி இதை வாசித்தால் மன்னிக்கட்டும். அன்று எனக்கு விளையாட்டுப் பெட்டி என்றால் படிப்பைக் கெடுப்பது, அவ்வளவுதான்.

பிக்ராஸ் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கட்டப் பலகை. 10-க்கு 10, அல்லது 15-க்கு 15. ஒவ்வொரு வரிசைக்கும் இடப்பக்கத்தில் எண்கள், ஒவ்வொரு பத்திக்கும் தலையில் எண்கள். '3 2' என்று இருந்தால் அந்த வரிசையில் அடுத்தடுத்து 3 கட்டம் கறுப்பு, பிறகு குறைந்தது ஒரு கட்டம் இடைவெளி, பிறகு 2 கட்டம் கறுப்பு. எங்கே என்று சொல்ல மாட்டார்கள். எல்லா எண்களையும் ஒத்துப் பார்த்து நிரப்பினால் கடைசியில் ஒரு மீன், குடை, யானை என்று படம் தெரியும்.

ஊகிக்கவே வேண்டியதில்லை. 10 கட்ட வரிசையில் '8' என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த எட்டை இடது ஓரத்தில் ஒட்டினாலும் வலது ஓரத்தில் ஒட்டினாலும், 3-லிருந்து 8 வரை உள்ள ஆறு கட்டமும் கறுப்புதான். அதை உறுதியாக நிரப்பலாம். நான் தாளும் பென்சிலும் வைத்து இதைக் கண்டுபிடித்துப் பெருமையாகச் சொல்லப் போனேன். அவள் அதற்குள் மூன்று படம் முடித்திருந்தாள். "வரிசைக்கு இத்தனைன்னு சொன்னா வைக்கத் தெரியாதா? பதினஞ்சு புள்ளி எட்டு வரை இடைப்புள்ளின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

கோலம் போடுகிறவர்களுக்கு அது புரியும். நடுவில் 15 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்க வேண்டும். வாயால் சொல்லும் இரண்டு எண்ணும் ஒரு சொல்லும் போதும், வாசலில் 169 புள்ளி வந்து உட்கார்ந்துவிடும். மார்கழியில் எங்கள் பறக்கைத் தெருவில் விடிவதற்கு முன் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்!

உடனே சிலருக்குக் கை துறுதுறுக்கும். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னபோது, 'அப்போ ஜப்பான்காரன் நம்ம கோலத்தைத் திருடித்தான் இதைச் செஞ்சிருக்கான்' என்று ஒருவர் போட்டார், பத்துப் பேர் கைதட்டினார்கள். இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோலத்தில் புள்ளி விடை தெரிந்தே வைக்கப்படுவது, இங்கே விடையைத் தேட வேண்டும். நடந்த வரலாறு வேறு, அது சுவையானதும்கூட.

1987-ல் டோக்கியோவில் ஒரு போட்டி. உயர்ந்த கட்டடத்தின் ஜன்னல் விளக்குகளில் சிலவற்றை எரியவிட்டு, சிலவற்றை அணைத்துப் படம் காட்ட வேண்டும். நோன் இஷிடா என்ற வரைகலைக் கலைஞர் அதில் பரிசு வாங்கினார். ஜன்னல்களைக் கட்டங்களாக நினைத்த அவருக்கு அதையே புதிராக்கலாம் என்று பட்டது. ஏறத்தாழ அதே சமயம் டெட்சுயா நிஷியோ என்ற இன்னொரு ஜப்பானியப் புதிராளியும் தனியாக இதே மாதிரி ஒன்றை உருவாக்கினார். பிறகு இங்கிலாந்தில் புதிர்ச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் டால்ஜெட்டி இஷிடாவின் முதற்பெயரைச் சேர்த்து 'நோனோகிராம்' என்று பெயர் வைத்தார். 1990-லிருந்து சண்டே டெலிகிராஃப் பத்திரிகை அதை வெளியிட்டது.

தாளிலிருந்து பெட்டிக்கு வந்தது 1995-ல். நின்டெண்டோவின் கேம்பாய் 1989-ல் வந்த கையடக்கக் கருவி. அதன் திரையே 160-க்கு 144 புள்ளிகள், நிறம் நான்கே சாயல். கட்டம் நிரப்பும் விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான திரை எது? 'மரியோஸ் பிக்ராஸ்' என்று வந்தது. பிக்சர், கிராஸ்வேர்ட் இரண்டையும் ஒட்டவைத்த பெயர். தவறாகக் கட்டத்தை உடைத்தால் நேரம் குறையும். முதல் தவறுக்கு 2 நிமிடம், அடுத்ததற்கு 4, அதற்கப்புறம் 8. (நான் வகுப்பில் இதைவிட இரக்கமாகத்தான் இருந்தேன்.) அமெரிக்காவில் அது சரியாக விற்கவில்லை. அடுத்த பாகம் ஜப்பானோடு நின்றுவிட்டது. 2007-ல் நின்டெண்டோ டி.எஸ். கருவியில்தான் மறுபடி உலகம் சுற்றியது. 2017-லிருந்து ஸ்விட்சில் வருகிறது.

சரி, இதற்கும் ஸ்கேனுக்கும் என்ன?

ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தலையைக் குறுக்கே துண்டு துண்டாக நறுக்கியதுபோல வரிசையாகப் படங்கள். வெளியிலிருந்து எக்ஸ்ரேயை அனுப்பித்தானே எடுத்தார்கள், உள்ளே இருப்பது கத்தி வைக்காமல் எப்படித் தெரிந்தது என்று அன்றே எனக்குள் ஒரு கேள்வி. கேட்கிற மனநிலையில் அன்று நான் இல்லை. பிக்ராஸ் பார்த்த பிறகுதான் கேள்வி திரும்ப வந்தது.

எக்ஸ்ரே ஒரு கோட்டில் உடம்புக்குள் போய் மறுபுறம் வரும்போது, வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்ற மொத்தக் கணக்கு மட்டும்தான் கிடைக்கும். வரிசையின் ஓரத்தில் எழுதிய எண் மாதிரி. உள்ளே எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று தெரியாது. ஓர எண்களை வைத்து உள்ளிருக்கும் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் இரண்டு பக்கத்து எண் போதாது. 2-க்கு 2, நாலே கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வரிசைக்கும் 1, எல்லாப் பத்திக்கும் 1. விடை? மூலைக்கு மூலை இப்படியும் போடலாம், அப்படியும் போடலாம். இரண்டும் சரி. புதிர் செய்கிறவர்கள் ஒரே விடை வருகிற படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மண்டைக்குள் இருப்பதை யார் தேர்ந்தெடுப்பது? ரத்தக்கட்டு இந்த மூலையிலா அந்த மூலையிலா என்பதில் இரண்டு விடை இருக்கலாமா? அதனால்தான் ஸ்கேன் இயந்திரம் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து எத்தனையோ கோணங்களிலிருந்து எண்ணுகிறது. அந்த நாலு கட்டத்தையே மூலைவாக்கில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்லாக் கோணமும் கிடைத்தால் படத்தை மீட்கலாம் என்பதை ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடோன் 1917-லேயே நிறுவிவிட்டார். அன்று அதைக் கணக்கிடக் கருவி இல்லை. 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. அந்தப் படம் 80-க்கு 80 கட்டம். ஆமாம், கட்டம்தான். 6400 கட்டத்தை நிரப்பும் புதிர்.

அதே 1971-ல் நம்மவர் ஒருவர் இதில் பெரிய காரியம் செய்தார். இவரைப் பற்றி எந்த வாட்ஸ்அப் குழுவும் எனக்கு அனுப்பியதில்லை. ஜி.என். ராமச்சந்திரன். அந்த ஜி, கோபாலசமுத்திரம். நம் பக்கத்து நெல்லைச் சீமையில் அந்தப் பெயரில் ஊர் உண்டு. அவர் பிறந்தது 1922-ல் எர்ணாகுளத்தில். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்து, தோல், எலும்பு, தசைநார்களில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றிழை அமைப்பை 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னவர். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போனார். அங்கே ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, நிழல்களிலிருந்து உள்படத்தைக் கணக்கிட ஒரு சுருக்கு வழி எழுதினார். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அது வெளியானது.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஒவ்வொரு கோணத்து நிழலையும் அப்படியே திருப்பிக் கட்டங்களின்மேல் பரப்பினால் படம் வரும், ஆனால் மங்கலாக, ஈரத்தரையில் போட்ட கோலம் மாதிரி ஊறி நிற்கும். பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட கணக்கால் கூர்மையாக்கிவிட்டால் அந்த ஊறல் போய்விடும். அதற்கு அதுவரை நீளமான ஃபூரியே கணக்கு வேண்டியிருந்தது. இவர்கள் அதை எளிமையாக்கி வேகமாக்கினார்கள். இன்றும் பாடப்புத்தகத்திலும் மென்பொருளிலும் அந்த வடிகட்டிக்கு 'ராம்-லாக்' என்றுதான் பெயர். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்.

வாட்ஸ்அப் அன்பர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன் ஆவேன். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இதையொத்த வழியைக் காட்டியிருந்தார்கள். ராமச்சந்திரனின் பெருமை அதனால் குறையவில்லை. 1979-ல் சி.டி. ஸ்கேனுக்கான நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் போனது. ராமச்சந்திரன் நோபல் வாங்காமலே 2001-ல் காலமானார்.

கோலத்துக்கும் உரிய மரியாதை உண்மையாகவே கிடைத்திருக்கிறது. 1974-ல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களுடன் கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினிக்கு ஏற்ற இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோல இரு பரிமாணக் கட்டங்களில் வரும் படத்துக்கு இலக்கணம். கோலம் போடும் பெண்களின் கையில் இருந்த விதி அப்படிக் கணினி அறிவியலுக்குள் போனது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்த காலத்தில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் சமச்சீர் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியிருக்க மாட்டேன், பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப் போயிருப்பேன்.

ஐப்பசியில் இரண்டாவது ஸ்கேன் எடுத்தோம். கட்டு பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. இந்தத் தடவை டாக்டர் ஃபிலிமை மாட்டியதும் அவள் முன்னால் குனிந்து பார்த்து, "டாக்டர், இது எத்தனைக்கு எத்தனை கட்டம்?" என்று கேட்டாள். 512-க்கு 512 என்றார் அவர். வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பேரன் ஷார்ஜா போகும்போது பெட்டியைப் பாட்டியிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மூன்றாவது ஸ்கேன் தை மாதம்.